ஓட்டல் காகிதத்தில் எழுதிய சட்டம்

அமெரிக்கன் லீஜியன் என்றால் பலருக்கு 1976-ல் ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் பரவிய லீஜியனர்ஸ் நோய்தான் ஞாபகம் வரும். (பாவம், நல்லது செய்ததெல்லாம் மறந்துபோச்சு!) 1919-ல் தொடங்கிய இந்த முன்னாள் படைவீரர் சங்கத்தின் பழைய தலைவர் ஹாரி கோல்மெரி, வாஷிங்டன் மேஃப்ளவர் ஓட்டல் காகிதத்தில் கைப்பட எழுதிய வரைவுதான் 1944-ல் ஜி.ஐ. பில் ஆனது. போரிலிருந்து திரும்பிய சுமார் 22 லட்சம் பேர் அரசு செலவில் கல்லூரிக்குப் போனார்கள், நம்மைப் போலவே பெஞ்சில் உட்கார்ந்து.

எனக்கு உறுத்துவது வேறு. சட்டம் நிறம் பார்க்கவில்லை. ஆனால் அமல்படுத்தியது உள்ளூர் ஆட்கள். தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு வீட்டுக்கடன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அங்கே லீஜியன் கிளைகளே வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி! சட்டம் கொண்டுவர அவ்வளவு பாடுபட்டவர்கள் இதையும் தட்டிக் கேட்டிருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.