படைத்தவன் கடமை

விஞ்ஞானக் கதை என்றதும் வானக் கப்பலும் இயந்திர மனிதனுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அவ்வகை இலக்கியத்தின் முதல் நூல் எனப் பலர் மதிக்கும் நவீனத்தில் இவை எவையும் இல்லை. படைத்தவனாற் கைவிடப்பட்ட ஓர் உயிரின் அழுகுரலே அதிற் கேட்கின்றது. மேரி ஷெல்லி என்னும் ஆங்கில மாது எழுதிய 'பிராங்கென்ஸ்டைன்' என்ற நூலையே குறிப்பிடுகின்றோம்.

1815ஆம் ஆண்டு ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதனால் வானிற் பரந்த நுண்துகள் கதிரவன் ஒளியை மங்கச் செய்தமையால், மறு ஆண்டு ஐரோப்பாவிற் கோடை கோடையாக இருக்கவில்லை. அந்த 1816ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் நண்பர் சிலர் மழையால் அடைபட்டிருந்தனர். பேய்க் கதைகளை வாசித்துப் பொழுது போக்கிய அவர்கள், பைரன் பிரபுவின் யோசனைப்படி ஆளுக்கொரு கதை எழுத உடன்பட்டனர். மேரிக்கு அப்போது வயது 18.

அவருக்குக் கதை எளிதில் வரவில்லை. கதை கிடைத்ததா என்று காலைதோறும் நண்பர் வினவ, இல்லையென்று நாணத்தோடு விடையிறுத்ததை 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே கூறியுள்ளார். வெற்றுத் தாளின் முன் அமர்ந்து மனம் சோரும் மாணவ நேயர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

அவர் வாளாவிருக்கவுமில்லை, செவிகொடுத்துக் கேட்டார். உயிரின் தோற்றம் பற்றிப் பைரனும் கவிஞர் பேர்சி ஷெல்லியும் இரவு நெடுநேரம் உரையாடினர். இறந்த தவளையின் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கல்வானி முன்னரே காட்டியிருந்தார். அவருடைய மருமகன் அல்டினி 1803இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலிலும் அச்சோதனையை நிகழ்த்தினார். இத்தகைய பேச்சுக்களைக் கேட்டுத் துயிலின்றிக் கிடந்த ஓரிரவில், தான் படைத்த உருவத்தின் முன் அஞ்சி நிற்கும் இளைஞன் ஒருவன் மேரியின் மனக்கண்ணில் தோன்றினான். கற்பனை வெறுமையிற் பிறப்பதன்று. கேட்டவையும் கண்டவையும் கலந்து கிடக்கும் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றது என்பது அவர் கருத்து.

கதையில் வரும் விக்டர் பிராங்கென்ஸ்டைன் ஒரு பல்கலைக்கழக மாணவன். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்து ஓர் உருவத்துக்கு உயிரூட்டுகின்றான். அது கண்விழித்த கணமே, அதன் தோற்றத்தை அருவருத்து ஓடிவிடுகின்றான். அதற்கு ஒரு பெயரேனும் இட்டானல்லன். இன்று பலரும் அப்பிராணியின் பெயர்தான் பிராங்கென்ஸ்டைன் என்று கருதுகின்றனர். உண்மையில் அது படைத்தவனின் பெயர். கைவிடப்பட்ட அவ்வுயிர் மறைந்திருந்து மொழி கற்கின்றது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இரகசியமாக விறகு சேர்த்துக் கொடுக்கின்றது. அன்பை நாடி அவர்கள்முன் வந்தபோதோ அடியே கிடைக்கின்றது. அதன் பின்னரே அது பழிவாங்கப் புறப்படுகின்றது.

அறிவு எல்லை மீறலாகாது என்பதே இந்நூலின் போதனை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உயிரூட்டிய முறையை ஆசிரியர் விளக்காமலே விட்டுவிடுகின்றார். அந்த உயிர் தன் துயரைச் சொல்லவோ பல அத்தியாயங்களை ஒதுக்குகின்றார். ஆகவே விக்டரின் பெருங்குற்றம் படைத்தமை அன்று, படைத்ததை விட்டு ஓடியமையே. 1797இல் தாம் பிறந்த சில நாட்களிலே தாயை இழந்தவர் மேரி. 1815இல் தம் முதற் குழந்தையையும் பறிகொடுத்தவர். ஆதரவற்ற உயிரின் ஏக்கத்தை அவர் அறியாதவரல்லர்.

நூல் 1818ஆம் ஆண்டு ஜனவரியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பேர்சியே எழுதினார் என்று சிலர் எண்ணினர். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில் மேரியின் பெயர் இடம்பெற்றது. 1831இல் அவர் நூலை மீண்டும் கையிலெடுத்துத் திருத்தி, அதன் பிறப்பு வரலாற்றையும் எழுதி, விகாரமான தம் பிள்ளையை வாழ்த்தி உலகுக்கு அனுப்பினார். விக்டர் செய்யத் தவறியதை, அவனைப் படைத்தவர் செய்துவிட்டார்.

மனிதனைப் போலப் பேசும் பொறிகளை இன்று மனிதன் ஆக்கியுள்ளான். அவற்றை ஆக்குவோர் இப்பழைய நூலை ஒரு முறை படித்தல் நன்று. முதற் கதையை எழுதிவிட்டு, அது அழகாக இல்லையென்று கிழித்தெறிய நினைக்கும் இளைஞரும் படிக்கலாம். நம் கையிற் பிறந்தது குறையுடையதாயினும், அதனோடிருந்து திருத்துவது நம் கடமையன்றோ?