இரும்பை ஒட்டும் படிப்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தகப்பனாரும் மகனும் வந்து சேர்ந்தார்கள். மகன் என்னிடம் படித்தவன். இவ்வருஷம் பத்தாம் வகுப்புத் தேறியவன். "ஸார், இவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து வெல்டிங் கற்கிறேன் என்கிறான். நாலெழுத்துப் படித்துவிட்டு நெருப்புப் பொறிக்கு முன்னால் உட்காருவதா? நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார் தகப்பனார்.

புத்தி சொல்வது என் ஜீவனோபாயம். ஆயினும் அன்று சட்டென்று வாய் திறக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் இதே ஆசையுடன் வந்த வேறொரு பையனை, "கல்லூரிக்குப் போ" என்று நானே திருப்பி அனுப்பினேன். அவன் பட்டம் பெற்றான். இப்போது ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறான். என்னைக் கண்டால் மரியாதையாகத்தான் கும்பிடுகிறான். அந்தக் கும்பிடுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே தகப்பனாருக்குப் பதிலாக, வெல்டிங் என்பது என்ன என்று சொல்ல ஆரம்பித்தேன். இரும்பு சுமார் 1,500 டிகிரி உஷ்ணத்தில் உருகும். ராடின் முனையில் எரியும் மின்வில்லின் உஷ்ணமோ 5,000 டிகிரிக்கும் மேல். உருகிய இரும்பைக் காற்று கெடுத்துவிடாதபடி, ராடின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மூடிக் காக்கிறது. அந்தப் பூச்சு மழைக்காலத்து அப்பளம்போல் நமுத்துவிட்டால், ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் ஒட்டுக்குள் புகுந்து பின்னால் வெடிப்பு உண்டாக்கும். அதனால்தான் பெரிய ஆலைகளில் சில வகை ராடுகளை அடுப்பில் காய வைத்து எடுக்கிறார்கள். இதையெல்லாம் அறியாதவன் இரும்பை ஒட்டலாம்; ஒட்டு நிற்குமா என்பதுதான் கேள்வி.

கையின் பழக்கமும் லேசானதல்ல. தட்டையாகக் கிடக்கும் தகட்டை ஒட்டுவது பாலபாடம். செங்குத்தாகவும், தலைக்கு மேலும் ஒட்டப் பழக வேண்டும். '6ஜி' என்னும் பரீட்சையில் 45 டிகிரி சாய்ந்த குழாயை அசைக்காமல், தானே சுற்றி வந்து ஒட்ட வேண்டும். எக்ஸ்ரே படம் பிடித்து உள்ளே குறை தேடும் வழக்கமும் உண்டு. இந்தப் பரீட்சையில் சிபாரிசு செல்லாது! நம் தேசத்தில் நீராவிக் கொதிகலனை ஒட்டுகிறவன், 1950-ஆம் வருஷத்துக் கொதிகலன் விதிகளின்படி தேர்வு பெற்றிருக்க வேண்டும். கொதிகலன் செய்யும் திருச்சி பெல் ஆலையில், 1975-இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரு வருஷந்தான். பிறகு 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி உதவித்தொகையோடு ஆலையில் பழகலாம்.

"சேருமுன் ஒன்று விசாரியுங்கள். கட்டிடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பையன் கையில் தினம் எத்தனை ராடு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ராடைச் சிக்கனம் பிடிக்கிற இடத்தில் சான்றிதழ் கிடைக்கும், தொழில் வராது" என்றேன்.

"கண் போய்விடுமே, ஸார்?" என்றார் அவர்.

அவர் பயம் நியாயமானது. சாலையோரப் பட்டறைகளில் வெறுங்கண்ணோடு வேலை செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் விழியைச் சுடும். அப்போது ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் வலி எடுக்கும். தகுந்த கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி இருந்தால் இத்துன்பம் இல்லை. நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் கொடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அதுவரை பேசாதிருந்த பையன், சட்டைப் பையிலிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்து நீட்டினான். மாமாவின் பட்டறையில் அவனே இரண்டு பட்டைகளை ஒட்டியதாம். ஒட்டு கோணல்மாணலாக, ஊசித் துவாரங்களுடன் இருந்தது.

"ராடு நமுத்திருந்தது, ஸார். அப்போது எனக்குத் தெரியவில்லை" என்றான்.

தகப்பனார் அதை வாங்கிச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, விண்ணப்பம் கொடுக்கக் கடைசித் தேதி என்றைக்கு என்று என்னைக் கேட்டார்.