தெரிவானவனுக்கு கொஞ்சம் நேரம் குடுங்க

எங்க தோட்டத்துத் தம்பி ஒருத்தன் மாவட்ட கிரிக்கெட் அணிக்குத் தெரிவாகியிருக்கான். செய்தி வந்த அன்றைக்கே லயத்துல வெடி கொளுத்தினாங்க. அடுத்த நாளே "இலங்கை டீமுக்கு எப்ப?"ன்னு கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. "இனி என்னத்துக்கு ஓ.எல்?"ன்னும் ஒருத்தர் சொன்னார். அங்கதான் எனக்குப் பயம் வந்தது.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்த சீசனில் 6 போட்டி, 2 விக்கெட். அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரண்டு வருடமும் ஒரு போட்டிகூட கிடைக்கவில்லை. 2020இல் 16 விக்கெட். அந்த டிசம்பரிலேயே இந்தியாவுக்கு ஆடினார். 2017லேயே "அவ்வளவுதான்"னு முடிவு கட்டியிருந்தால்?

எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதும் உண்மை. 2008இல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு இந்தியர்களை ஒப்பந்தம் செய்தது. பெரிய செய்தியானது, சினிமாவும் வந்தது. ஆனால் இருவருமே மேஜர் லீக் வரை போகவில்லை.

தெரிவாவது வாசல் திறப்பது மட்டும்தான். லயத்தின் மொத்தக் கனவையும் பதினாறு வயசுத் தோளில் ஏற்ற வேண்டாம். தம்பி பயிற்சிக்கும் போகட்டும், ஓ.எல்லும் எழுதட்டும். முதல் மேட்ச்சில் டக் அவுட் ஆகி வந்தாலும், "சாப்பிட்டியா?"ன்னு கேட்போம்.