அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இந்தியாவுக்கு வருமா? பதில் 1,200 சிசியில் இருக்கிறது

மாதச் சம்பளம், கொஞ்சம் சேமிப்பு, வங்கி தரும் கார் லோன். எல்லாம் சேர்த்தால் 12 லட்சம் வரை போகலாம். ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு எஸ்யூவி வேண்டாம். ஓட்டினால் ஜாலியாக இருக்கிற சின்ன கார் வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வேலைக்குப் போகும் கார் பிரியர் நீங்கள் என்றால், இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டிருப்பீர்கள். கூடவே 'அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டாவது நம்ம ஊருக்கு வருமா?' என்றும் கேட்டிருப்பீர்கள்.

காத்திருக்கலாமா, வேண்டாமா? எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

எதிர்பார்ப்பு என்ன?

ரசிகர்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எடை குறைவு, டர்போ இன்ஜின், கையால் மாற்றும் கியர், கைக்கு எட்டும் விலை. ஜப்பானில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இதற்கு அப்படியே பொருந்தியது: 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், 970 கிலோ, 3,890 மி.மீ. நீளம். இந்தியாவில் அது விற்பனைக்கு வரவே இல்லை. அந்தத் தலைமுறையின் கடைசிப் பதிப்பும் 2025ல் வந்துவிட்டது. இப்போது எல்லாக் கண்ணும் அடுத்த தலைமுறை மேல்தான்.

தடுப்பது எது?

சாலையோ பெட்ரோல் விலையோ அல்ல, ஒரு வரிக் கோடு. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 'சிறிய கார்' என்றால் என்ன என்று வரையறுத்தார்: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள். இந்த இரண்டுக்கும் அடங்கினால் வரி குறைவு. கலால் வரி போய் ஜிஎஸ்டி வந்தது, கோடு மட்டும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18%, வெளியே இருந்தால் 40%.

கையில் ஒரு கணக்கு. வரி சேராமல் 8.47 லட்ச ரூபாய் விலையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18% போட்டால் 10 லட்சம். 40% போட்டால் 11.86 லட்சம். மேலே மகாராஷ்டிராவின் சாலை வரி: தனிநபர் பெட்ரோல் காருக்கு 10 லட்சம் வரை 11%, அதைத் தாண்டினால் 12%. இதையும் சேர்த்தால் 11.10 லட்சம், 13.28 லட்சம். இன்ஜின் 200 சிசி பெரிதானதற்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 2.18 லட்சம்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எங்கே மாட்டுகிறது என்று இப்போது புரியும். நீளத்தில் பாஸ், இன்ஜினில் ஃபெயில். உலகமே கொண்டாடும் மாஸ்டா எம்எக்ஸ்-5க்கும் இதே கதி: நீளம் 3,915 மி.மீ.தான், ஆனால் இன்ஜின் 1.5 அல்லது 2 லிட்டர். டொயோட்டா ஜிஆர்86 இரண்டிலும் வெளியே: 4,265 மி.மீ., 2.4 லிட்டர்.

முயன்றவர்களுக்கு என்ன ஆனது?

ஃபியட் 2015ல் அபார்த் புன்டோவைக் கொண்டுவந்தது. 145 குதிரைத்திறன், 9.95 லட்சம். இன்ஜின் 1.4 லிட்டர், கோட்டுக்கு வெளியே. பிறகு அந்த பிராண்டே இந்தியச் சந்தையை விட்டுப் போனது.

அதன் பின் வந்தவர்கள் கோட்டுக்குள் விளையாடக் கற்றுக்கொண்டார்கள். 2018ல் டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபியை 6.39 லட்சத்துக்கு விட்டார்கள்: 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது அது நின்றது. 2021ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையிலிருந்து ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தது: 998 சிசி, 3,995 மி.மீ., 120 குதிரைத்திறன். 2024ல் டாடா ஆல்ட்ரோஸ் ரேசர், அதுவும் 120.

கவனித்தீர்களா? கோட்டுக்குள் விளையாடிய இந்த மூன்றில் எதுவும் 120க்கு மேல் போகவில்லை. தொழில்நுட்பத்தால் முடியாதது இல்லை. டாடாவே 2017 ஜெனீவா கண்காட்சியில் 1.2 லிட்டரில் 190 குதிரைத்திறன் தரும் ரேஸ்மோவைக் காட்டியது. அது விற்பனைக்கு வரவில்லை. சில ஆயிரம் பேர் மட்டும் வாங்கும் காருக்குத் தனி இன்ஜின், தனி சோதனை என்று செலவழிப்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது.

இறக்குமதி செய்தால்?

செய்கிறார்கள். 2025ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வந்தது: முதல் தவணை 150 கார்கள், விலை 53 லட்சம். அதே ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 100 கார்கள், 49.99 லட்சம். இரண்டுமே விற்றுத் தீர்ந்தன. ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. 'அஃபோர்டபிள்' என்பதற்கு அல்ல.

எதிர்பாராத வழி ஒன்று

மின்சார கார்களுக்கு ஜிஎஸ்டி 5% மட்டும். அங்கே நீளக் கோடும் இல்லை, சிசி கோடும் இல்லை. அதே 8.47 லட்சக் கார் 8.90 லட்சத்தில் நிற்கும். அதனால்தான் மஹிந்திரா பிஇ 6 போன்ற பின்சக்கர இழுவை வண்டி 18.90 லட்சத்தில் தொடங்க முடிந்தது; அதன் பெரிய பேட்டரி மாடல் 100 கி.மீ. வேகத்தை 6.7 நொடியில் தொடுகிறது. ஆனால் பேட்டரி எடையும், இல்லாத கியரும் பழைய ரசிகர்களைச் சமாதானப்படுத்துமா? அது வேறு விவாதம்.

நம்ம ஏரியாவுக்கு இது ஒத்துவருமா?

பாந்த்ரா-வொர்லி சீ லிங்க், கோஸ்டல் ரோடு, செம்பூரிலிருந்து கிளம்பும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, மூன்றிலும் கார்களுக்கு உச்சவேகம் மணிக்கு 80 கி.மீ. அப்படியென்றால் 200 குதிரைத்திறன் இங்கே கனவுக்குத்தான் உதவும். எடை குறைந்த, வளைவில் நம்பி ஓட்டக்கூடிய 120 குதிரைத்திறன் கார் அன்றாடம் உதவும்.

அடுத்தது பார்க்கிங். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் அளவுள்ள கார் தரையில் பிடிக்கும் இடம் சுமார் 73 சதுர அடி. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்ட வீடு 350 சதுர அடி. அதாவது வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. காரின் விலையைவிடப் பெரிய கேள்வி இதுதான்.

சரி, என்ன செய்யலாம்?

அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பற்றிச் செய்தி வரும்போது குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், முதலில் சிசியைப் பாருங்கள். 1,200க்குள் என்றால் நம்பிக்கை வைக்கலாம். 1.4 லிட்டர் என்றால் யூடியூபில் பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடுங்கள்.

காத்திருக்க முடியாமல் பழைய போலோ ஜிடியோ என் லைனோ செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? முந்தைய உரிமையாளர் இன்ஜின் ட்யூனிங்கை மாற்றியிருக்கிறாரா, சைலன்சரை மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். நிறுவனம் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் க்ளெய்மைச் சிக்கலாக்கும். இஎம்ஐ மட்டும் நிற்காமல் ஓடும்.