காதைச் சோதிச்சுத்தானே பட்டாளத்துல சேர்த்தீங்க?



உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். டீக்கடையில நாம ஒண்ணு கேட்டா அவர் வேற ஒண்ணு சொல்வார். வீட்டுல டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். பசங்க முதுகுக்குப் பின்னாடி "செவிட்டு மிலிட்டரி"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அந்தக் காது எங்கே போச்சுன்னு யாராச்சும் கேட்டிருக்கோமா?

போன மாசம் வேப்பந்தட்டை பக்கத்துல இருந்து ஒரு அய்யா நம்ம அலுவலகத்துக்கு வந்தார். பீரங்கிப் படையில 24 வருஷம் இருந்து, ஹவில்தாராக 2016-ல் ஓய்வு பெற்றவர். கூட அவர் மனைவி. நாம கேட்டதையெல்லாம் அந்த அம்மாதான் அவர் வலது காதுப் பக்கம் குனிஞ்சு திரும்பச் சொன்னாங்க. இடது காதுல ராத்திரி பகல் எந்நேரமும் 'ஙொய்ங்'னு ஒரு இரைச்சல். "கரண்டு போனா ஊரே அமைதியாயிடும் தம்பி, எனக்கு மட்டும் அப்பத்தான் சத்தம் அதிகமாவும்"னார். கையில் ஒரு மஞ்சள் பை. அதுக்குள்ள டிஸ்சார்ஜ் புக், மடிச்சு மடிச்சு கிழியப்போற ஒரு கடிதம். ஓய்வுக்கு முன் நடந்த மருத்துவக் குழுவே அவருக்கு ஆயுள் முழுக்க 20 சதவீதக் கேட்கும் குறைபாடு இருக்குன்னு எழுதியிருக்கு. ஆனா ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லைன்னு முடிச்சுட்டாங்க. காரணம்? 'பீஸ் ஸ்டேஷன்'ல இருந்தப்ப வந்ததாம்!

பீஸ் ஸ்டேஷன்ல பீரங்கி சுடவே மாட்டாங்களா? பயிற்சித் திடலில் வெடிக்கிற குண்டுக்கு இது போரா, பயிற்சியான்னு தெரியுமா? துப்பாக்கிச் சத்தமே சுடுறவர் காதருகில் 150 டெசிபலைத் தாண்டும். பீரங்கி அதுக்கும் மேல. உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தா மறுபடி முளைக்காது. சத்தத்தால கெட்ட காதுக்கு ஒரு கையெழுத்தே உண்டு: ஆடியோகிராம் படத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். காது மருத்துவர் பார்த்ததும் சொல்லிடுவார்.

இங்கே அரியலூர் மக்களுக்கு ஒண்ணு சொல்லணும். நம்ம சிமெண்ட் ஆலைத் தொழிலாளிக்கு இரைச்சலால காது போனா, சட்டப்படி அது தொழில்சார் நோய். மருத்துவர் அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்னு வரம்பும் இருக்கு. மில் ஓடுற சத்தத்துக்குக் காது போகும்னு ஒத்துக்கிற அரசாங்கம், பீரங்கிச் சத்தத்துக்குப் போகும்னு ஒத்துக்க மாட்டேங்குது. என்ன நியாயம் இது?

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு கிடைக்கிற குறைபாடுகளில் முதலிடமே காதிரைச்சலுக்குத்தான். காதடைப்பான் சரியில்லைன்னு அங்கே வீரர்கள் போட்ட வழக்கில் 3எம் நிறுவனம் 2023-ல் 600 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. நம்ம வீரரோ அந்த இரைச்சலை டாக்டர்கிட்டச் சொல்லவே கூச்சப்படுறார். இரைச்சலை வெளியே இருந்து அளக்கக் கருவி கிடையாது தோழர்களே. நீங்க வாயைத் திறந்து சொல்லி, அது காகிதத்தில் ஏறினாத்தான் உண்டு.

சட்டம் நம்ம பக்கம் நல்லாவே இருக்கு. 2013 ஜூலை 2-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. சேரும்போது நோய் இருந்ததா எழுதப்படலைன்னா, அவர் ஆரோக்கியமா சேர்ந்தார்னுதான் கொள்ளணும். பிறகு வந்தது பணியால வந்ததுன்னுதான் அனுமானிக்கணும். இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு அரசுக்கு. சந்தேகம் வந்தா பலன் வீரருக்கு. மருத்துவக் குழு மறுத்தா காரணம் எழுதணும். ரெண்டு வார்த்தையில ஒதுக்க முடியாது.

காது விஷயத்தில் இது இன்னும் வலுவா நிக்கும். ஆள் எடுக்கும்போது 610 சென்டிமீட்டர் தள்ளி நின்னு கிசுகிசுத்ததை ஒவ்வொரு காதாலும் கேட்டுச் சொன்னாத்தான் சேர்ப்பாங்க. அந்தச் சோதனையை நடத்தினது யார்? நீங்கதானே? சேரும்போது கிசுகிசு கேட்ட காதுக்கு, திரும்பி வரும்போது பஸ் ஹார்ன் கேக்கலையே!

காது போனதெல்லாம் பட்டாளத்தாலதான்னு நாம வாதாடலை. வயசு, சர்க்கரை, சீழ் வடிதல் எல்லாம் காரணமாகலாம். அப்படின்னா அதை மருத்துவர் எழுதட்டும், பதில் சொல்வோம். இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கு: பணிக்காலம் முடிஞ்சு இயல்பா ஓய்வு பெற்றவருக்கு 20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தா ஊனப் பங்கு கிடையாதுன்னு 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் தீர்ப்பாகியிருக்கு. அங்கே சதவீதத்தையே எதிர்த்து மறு மருத்துவக் குழு கேட்கணும். ஆனா நோயைக் காட்டி இடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு 20-க்கு மேல்னுதான் கொள்ளணும்னு 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு சொல்லுது.

பணம் எவ்வளவுன்னு கேப்பீங்க. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய்னா, 20 சதவீத ஊனத்துக்கு மாசம் 2,400. ஆனா 2014 டிசம்பர் ராம் அவ்தார் தீர்ப்புப்படி, இயல்பா ஓய்வு பெற்றவருக்கும் 20-ஐ 50-ஆக உயர்த்திக் கணக்கிடணும். அப்போ மாசம் 6,000, அகவிலை நிவாரணம் தனி. மானாவாரியா மக்காச்சோளம் போட்டு மழையைப் பார்த்துக்கிட்டிருக்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

காலம் கடந்துபோச்சேன்னு உட்கார்ந்துடாதீங்க. மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாசத்துக்குள்ள முதல் அப்பீல் போடணும்ங்கிறது விதி. தாண்டியிருந்தா தாமத மன்னிப்பு கேட்டுப் போடலாம். அதுவும் போனா இரண்டாவது அப்பீல், அப்புறம் சென்னையில் இருக்கிற ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மாசாமாசம் வரவேண்டிய பென்ஷன் வராம இருக்கிறது தொடர்கிற அநீதின்னு 2008-லேயே தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. பழைய பாக்கி மட்டும் பொதுவா மூணு வருஷத்தோட நிக்கும். அதனால நீங்க தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் உங்க பையில இருந்து போகுது.

மருத்துவக் குழு அறிக்கை கையில் இல்லையா? உங்க ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு 10 ரூபாய் கட்டணத்தோட ஆர்.டி.ஐ. போடுங்க. மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், பீரங்கிப் படைன்னா நாசிக், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு. வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்குன்னே 'வீர் பரிவார்' திட்டத்தை நால்சா தொடங்கியிருக்கு. 2023 செப்டம்பர் 21-க்கு அப்புறம் வெளியே வந்தவங்களுக்கு மட்டும் விதி வேற; ஊனப் பங்குக்குப் பேரையே 'இம்பேர்மெண்ட் ரிலீஃப்'னு மாத்திட்டாங்க. அவங்க காகிதத்தைத் தனியாப் பார்க்கணும். புல்வாமாவில் அரியலூர் மண் இழந்த பிள்ளை இருந்த சி.ஆர்.பி.எஃப். இந்தத் தீர்ப்பாயத்துக்குள்ள வராது. அவங்க உயர் நீதிமன்றம் போகணும்.

ஒன்றிய அரசுக்கு நம்ம கோரிக்கை: ஊன பென்ஷன் வழக்குகளில் ஜெயிச்ச வீரரை மறுபடி மறுபடி கோர்ட்டுக்கு இழுக்காதீங்க. 2015-ல் பாரிக்கர் அமைச்சரா இருந்தப்ப உங்க அமைச்சகமே போட்ட நிபுணர் குழு சொன்னதும் இதைத்தான். மாநில அரசுக்கு: அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மாசத்துல ஒரு நாள் முன்னாள் படைவீரர்களுக்குன்னு ஆடியோகிராம் எடுத்துக் கொடுங்க. ரெண்டு கலெக்டர் அலுவலகத்துலயும் திங்கட்கிழமை மனு கொடுக்கப்போறோம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மறுப்புக் கடிதம் இருக்கிறவங்க நகலோட வாங்க. பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர் ஃபேஸ்புக் பார்க்க மாட்டார், நீங்க போய்ச் சொல்லுங்க.

அந்த அய்யாவோட முதல் அப்பீல் தாமத மன்னிப்பு மனுவோட ஸ்பீட் போஸ்ட்ல போயாச்சு. கிளம்பும்போது அவர் கேட்டது ஒண்ணுதான்: "பதில் வந்தா போன் பண்ணாதீங்க தம்பி, எனக்குக் கேக்காது. வாட்ஸ்அப்புல எழுதிப் போடுங்க."