உவமை வார்த்தையான வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபைச் சகோதரி ஒருவர் எல்லாரும் கலைந்து செல்லும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "பாஸ்டர் ஐயா, என் தம்பி பரோலில் வந்திருக்கிறான். பத்து நாளில் திரும்பிப் போகவேண்டும். வீட்டுக்கு வந்து அவனுக்காக ஜெபியுங்கள்" என்றார். "செவ்வாய்க்கிழமை வருகிறேன் அம்மா" என்றேன். அவர் சொன்ன 'பரோல்' என்னும் சொல்லின் பிறப்பைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையைக் குறித்துப் பின்பு சொல்லுகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் பயின்றபோது 'பரபொலே' என்னும் சொல்லைக் கற்றோம். 'பரா' என்றால் அருகே. 'பல்லேன்' என்றால் எறிதல், இடுதல். ஒன்றின் அருகே மற்றொன்றை வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதே பரபொலே. இதையே நமது வேதாகமம் 'உவமை' என்கிறது. விதைக்கிறவன், கடுகுவிதை, புளித்தமா ஆகியவற்றைக் கொண்டு ஆண்டவர் பேசினவை இவ்வகையே (மத்தேயு 13).

லத்தீன் மொழி இச்சொல்லைப் 'பராபொலா' என்று எடுத்துக்கொண்டது. முதலில் அது பேச்சுக்கலை ஆசிரியர்களின் சொல்லாகவே இருந்தது. சுவிசேஷம் லத்தீனில் வாசிக்கப்பட்டபோது அது எளிய ஜனங்களின் செவிகளை எட்டியது. கி.பி. 382-இல் ரோமாபுரியின் பேராயர் தமாசுஸ் கேட்டுக்கொண்டபடி, ஜெரோம் என்னும் அறிஞர் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தத் தொடங்கினார். பின்னாளில் 'வுல்கேட்' என்று பெயர்பெற்ற அம்மொழிபெயர்ப்பிலும் பராபொலா என்னும் சொல் இடம்பெற்றது. ஆண்டவர் பேசியவை பராபொலா என்று கேட்டுக்கேட்டு, நாளடைவில் பேச்சு முழுவதுமே பராபொலா ஆயிற்று. பின்பு ஒவ்வொரு சொல்லும் பராபொலா ஆயிற்று. 'பராபொலாரே' என்றால் பேசுதல் என்றாயிற்று.

லத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது இச்சொல்லும் அவற்றோடு சென்றது. 'வார்த்தை' என்பதற்கு இத்தாலியர் 'பரோலா' என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் 'பரோல்' என்கின்றனர். ஸ்பானியர் 'பலாப்ரா' என்றும், போர்ச்சுகீசியர் 'பலாவ்ரா' என்றும் கூறுவர். இவ்விரண்டிலும் ரகரமும் லகரமும் இடம் மாறிவிட்டன. மதுரையை நம் பெரியவர்கள் 'மருதை' என்று சொல்லவில்லையா? அதுபோலத்தான். ருமேனிய மொழியோ வேறு வழியில் சென்று, கூடிவருதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து தன் 'வார்த்தை'யைப் பெற்றது.

லத்தீனில் 'வார்த்தை'க்கு ஏற்கெனவே 'வெர்பும்' என்னும் சொல் இருந்ததே, அது என்னவாயிற்று? யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தில் தேவகுமாரனைக் குறிக்கும் சொல் அதுவே. ஆகவே பக்தியின் காரணமாக அதை அன்றாடப் பேச்சில் வழங்கத் தயங்கினர் என்று மொழிநூலார் பலர் விளக்குகின்றனர். ஆயினும் பாருங்கள், லூயி செகோந்த் என்பவரின் பிரெஞ்சு வேதாகமத்தில் அதே முதல் வசனத்தில் 'பரோல்' என்னும் சொல்லே நிற்கிறது. கடைவீதியில் வழங்கிய சொல் மீண்டும் ஆண்டவரையே குறிக்க உயர்த்தப்பட்டது!

நம் நகரவாழ்விலும் இச்சொல்லின் பிள்ளைகள் உண்டு. 'பார்லிமென்ட்' என்பது, பேசுதல் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து, கூடிப் பேசும் இடத்தைக் குறித்தது. துறவிகளின் மடங்களில் வருகிறவர்களோடு பேசுவதற்கென்று இருந்த அறையே 'பார்லர்'. இன்று நம் தெருவிலுள்ள அழகு நிலையத்துக்கும் அதே பெயர். 'பரோல்' என்பதோ வாக்குறுதி. போரில் பிடிபட்டவன் தப்பியோடமாட்டேன் என்று மானத்தின்மேல் தரும் வார்த்தையை நம்பி அவனை வெளியே விட்டனர். அந்த வார்த்தையே அவனுக்குக் காவலாயிருந்தது.

இப்பொழுது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று வேறொரு கூட்டம் வந்தது, போகவில்லை. அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று தள்ளிப்போட்டேன். நான் அவ்வீட்டுப் படியேறியபோது பதினோராம் நாள். "தம்பி நேற்றே போய்விட்டான் ஐயா. நீங்கள் வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார் அச்சகோதரி. கோபமாகச் சொல்லவில்லை, அதுவே எனக்கு அதிகமாய் வலித்தது. சிறைக்குத் திரும்பவேண்டியவன் தன் வார்த்தையைக் காத்தான். பிரசங்க பீடத்தில் நிற்கிற நான் காக்கவில்லை.

அன்பானவர்களே, ஊரிலிருக்கும் தாய்க்குத் தொலைபேசியில் சொன்ன வார்த்தை, பிள்ளைக்குச் சொன்ன வார்த்தை, "ஜெபிக்கிறேன்" என்று எளிதாய்ச் சொல்லிவிடும் வார்த்தை, இவை யாவும் நமது பரோலே. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்ல ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 5:37). நீங்கள் யாருக்காவது சொல்லி மறந்துபோன செவ்வாய்க்கிழமை உண்டானால், பத்தாம் நாள் கடந்துபோவதற்கு முன்பே எழுந்து செல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் வாயின் வார்த்தைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.