தேனீ விஷம் மருந்தாகுமா? அந்த என்சைம்களுக்குள் என்ன இருக்கு?

பண்ருட்டி பக்கம் முந்திரி பூத்துவிட்டால் தோப்பெல்லாம் தேனீக்களின் ரீங்காரம்தான். கொட்டு வாங்கியவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. அந்தக் கொட்டே மூட்டுவலிக்கு மருந்து, கேன்சரையும் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். இதில் எவ்வளவு உண்மை?

விஷத்தில் இருப்பது என்ன?

ஒரு கொட்டில் உடம்புக்குள் போவது, உலர்ந்த எடையில் சுமார் 0.1 மில்லிகிராம் விஷம். அதில் கிட்டத்தட்ட பாதி மெலிட்டின். பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற என்சைம், அதாவது நொதி, 10 முதல் 12 சதவீதம். ஹயலூரோனிடேஸ் என்ற இன்னொரு நொதி 1, 2 சதவீதம்தான்.

மெலிட்டின் நம் செல்லின் சவ்வில் ஓட்டை போடும். ஏ2 அந்தச் சவ்வின் கொழுப்பை நறுக்கும். ஹயலூரோனிடேஸ் செல்களுக்கு நடுவே உள்ள பசையைக் கரைத்து, விஷம் பரவ வழி திறந்துவிடும். பலமான கூட்டணிதான்!

கேன்சர் செய்தி எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் உள்ள ஹாரி பெர்கின்ஸ் ஆய்வு நிலையம் 2020ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. தேனீ விஷமும் மெலிட்டினும் சிலவகை மார்பகப் புற்றுநோய் செல்களை அழித்தன. ஆனால் அது ஆய்வகத் தட்டிலும் எலியிலும் நடந்தது, மனிதர்களில் இல்லை. மெலிட்டின் நொதியும் இல்லை, 26 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத் துண்டு. நல்ல ரத்தச் சிவப்பணுக்களையும் அது உடைத்துவிடும் என்பதுதான் பெரிய தடை.

ஏ2 நொதியைத் தென்கொரிய ஆய்வாளர்கள் பார்க்கின்சன் பாதித்த எலிகளில் சோதித்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தை அடக்கும் செல்களை அது தூண்டியது. ஹயலூரோனிடேஸ் ஏற்கெனவே மருத்துவமனையில் இருக்கு. கண்புரை ஆபரேஷனுக்கு முன் போடும் மரப்பு ஊசியில், மருந்து பரவுவதற்காக இதைச் சேர்ப்பார்கள். தேனீயிலிருந்து எடுப்பதில்லை, பெரும்பாலும் ஆடு மாடுகளிலிருந்து.

அப்போ கொட்டு வாங்கினா நல்லதா?

கூடாது. இந்த ரெண்டு நொதிகளும்தான் தேனீ அலர்ஜியின் முக்கியக் காரணிகளும். தேனீயை வைத்துக் கொட்டவிடும் சிகிச்சையை ரெண்டு வருஷமாகப் பிரச்னையில்லாமல் எடுத்துவந்த ஸ்பெயின் பெண் ஒருவர், திடீர் அலர்ஜியில் மயங்கி, சில வாரங்களில் இறந்தார். 2018ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. அதே விஷத்தைச் சுத்திகரித்து, நுண்ணிய அளவில் தொடங்கி, டாக்டர் கண்காணிப்பில் 3 முதல் 5 வருஷம் ஊசியாகப் போட்டால் தேனீ அலர்ஜிக்கே சிகிச்சை.

கொட்டிவிட்டால்?

கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசிக்க வேண்டாம். விஷப்பையில் இருப்பதில் பெரும்பகுதி 20 விநாடிக்குள் இறங்கிவிடும். மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், தலைச்சுற்றல் இருந்தால் 108ஐ அழைத்துவிடுங்கள். சிதம்பரமோ கடலூரோ, பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் போக வேண்டும். அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும்.

இன்னொன்று, கொட்டியது தேனீயா கதண்டா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கதண்டு கொடுக்கை விட்டுச்செல்லாது. அதன் விஷத்தில் இருப்பது ஏ2 இல்லை, ஏ1. அலர்ஜி பரிசோதனையும் ஊசியும் ரெண்டுக்கும் வேறு வேறு.